மூன்று தட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். வலது முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமா? அவளுக்கு இருமல் விட்டதா?

போனில் பேசினால் நீ 'ம்' மட்டும்தான் போடுகிறாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் 'ம்' போட்டுத் தப்பிக்க முடியாது பார்.

இங்கே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை மூடப்போகிறார்கள். பத்தொன்பது வருஷமாக நான் மடித்த படுக்கை விரிப்புகளை இனி வெளியே ஒரு கம்பெனி துவைத்து மடித்துத் தருமாம். ஆகஸ்ட் கடைசியோடு வேலை முடிகிறது. ஊழியர் விடுதியில் எனக்குக் கொடுத்த இந்த அறையும் அன்றோடு போகிறது. மகளிடம் போகலாம்தான். அங்கே ஒரே அறை. அதில் அவள், மாப்பிள்ளை, கைக்குழந்தை, ஒரு சைக்கிள். இடமில்லாமல் சைக்கிளைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். என்னை எங்கே மாட்டுவார்கள்?

நேற்று செய்தியில் நம் ஊரைக் காட்டினார்கள். கோட்டில் ஒரு வாசல் திறந்துவிட்டார்களாமே! கலவரத்தின்போது ஊரை இரண்டாகப் பிரிக்க வெள்ளைப் பெயின்டால் தெரு நடுவே இழுத்தது. பிறகு டிரம் வைத்தார்கள், அப்புறம் கம்பி வேலி போட்டார்கள். இன்னும் அதற்குக் கோடு என்றே பெயர். அந்தப் பக்கம் வீட்டை விட்டு வந்தவர்கள் திரும்பக் கேட்கலாம், அதற்கு ஓர் ஆணையம் இருக்கிறது என்றும் சொன்னார்கள். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே விரிப்பை மூன்று தடவை மடிக்கிறேன்.

வீட்டுப் பத்திரம் உன்னிடம்தானே இருக்கிறது? போய் என் வீட்டைப் பார். யார் இருக்கிறார்கள், எப்படி வைத்திருக்கிறார்கள், எல்லாம் எழுது. உன் அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். இருமல் விட்டுவிட்டது, இப்போது என்னைத் திட்ட அவளுக்கு முழுத் தொண்டை கிடைத்திருக்கிறது. உன் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு. நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் நிற்கிறவளிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்திரம் பத்திரமாக இருக்கிறது. கோட்டைத் தாண்ட ஒருநாள் சீட்டு வேண்டும், மனுப் போட்டிருக்கிறேன். ஆணையத்தின் படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதல் கட்டத்தில் குறியிட்டால் வீடு உனக்கு, அங்கே இருப்பவர்கள் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். இரண்டாவது, நஷ்டஈடு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுப்பது. மூன்றாவது, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு ஒரே வீட்டில் சேர்ந்திருப்பது. அதற்கு மட்டும் உள்ளூர்ச் சாட்சி ஒருவர் இரண்டு தரப்பின் முன்னாலும் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். "இதை இதுவரைக்கும் யாரும் தொட்டதே இல்லீங்க" என்றார் குமாஸ்தா. ஜூலை 31 கடைசி நாள்.

என் வேலை அப்படியே ஓடுகிறது. ஊரைப் பிரித்தவர்கள் தரைக்கு மேலே மட்டும்தான் பிரித்தார்கள். குடிதண்ணீர் நம் பக்கத்தில் நான் இருக்கும் வால்வு அறையைத் தாண்டி, கோட்டுக்கு அடியில் புகுந்து அவர்கள் தொட்டிக்குப் போகிறது. நம் சாக்கடை அவர்கள் பக்கம் போய்த்தான் வெளியேறுகிறது. நாம் திறக்காவிட்டால் அவர்களுக்குக் குடிக்க வழியில்லை. அவர்கள் அடைத்தால் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். யார் இந்த ஊருக்கு முதலில் வந்தது என்று இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் புத்தகம் எழுதுகிறார்கள். குழாய்க்கு அது ஒன்றும் தெரியாது.

இரண்டு ஆபீசுக்கும் நடுவில் அப்போது அறுத்த டெலிபோனை இன்னும் ஒட்டவில்லை. தினமும் ஒரு காக்கிப் பை மட்டும் தண்ணீர் அளவுச் சீட்டுகளோடு வாசலில் கை மாறும். திறக்கவும் மூடவும் நாங்கள் வைத்திருக்கும் முறையைக் கேட்டால் சிரிப்பாய். அந்தப் பக்கத் தொட்டிக்காரர் இரும்புக் குழாயில் ஸ்பேனரால் தட்டுவார். மூன்று தட்டு என்றால் திற. இரண்டு என்றால் மூடு. ஒற்றைத் தட்டு, 'கேட்டது' என்று நான் சொல்லும் பதில். கோடு போடுவதற்கு முன்பிருந்தே இதுதான் பழக்கம். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. 'தட்டுறவர்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறேன். காலையில் மூன்றாவது தட்டு விழுவதற்குள் திறந்துவிடுவேன். என்ன அவசரமோ என்று அவர் நினைத்திருப்பார்.

சீட்டு வந்ததும் போய்ப் பார்த்து எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

நலம். முழங்காலைப் பற்றி எழுதப் பொறுமை இல்லை, அதுவும் நலம் என்றே வைத்துக்கொள்.

மூன்றாவது கட்டத்தை யார் யோசித்துக் கண்டுபிடித்தாரோ, அவருக்குச் சொந்த வீடு இருக்கும். என்னைத் துரத்திவிட்டு என் கட்டிலில் படுத்திருக்கிறவர்களோடு நான் சேர்ந்திருக்க வேண்டுமாமா? நல்ல வேடிக்கை.

குழாய்க் கதை போதும். நான் கேட்டதற்குப் பதில் எழுது. சமையலறை ஜன்னல் இன்னும் தெருப்பக்கம்தான் திறக்கிறதா? மாடிப்படியில் ஏழாவது படி மட்டும் ஒரு விரல் உயரம் கூட இருக்குமே, வருகிறவர்களை எல்லாம் "பாத்து, ஏழாவது படி" என்று நான் எச்சரிப்பேனே, அதை இடித்துக் கட்டிவிட்டார்களா? அத்தான் தன் கையால் டைல்ஸ் ஒட்டிய மாடிக் குளியலறை இருக்கிறதா? ஒரு டைல் கோணலாக இருக்கும். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோணலுக்கு என்னைத்தான் கடைசிவரை குற்றம் சொன்னார்.

இந்த அயல்நாட்டில் இது எனக்கு நான்காவது அறை. ஒன்றிலும் நான் சுவரில் ஆணி அடிக்கவில்லை. எதற்கு, திரும்பத்தான் போகப்போகிறோமே என்று.

சீட்டு வந்ததா இல்லையா? உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

சீட்டுக் கிடைத்தது, போன வெள்ளிக்கிழமை போய் வந்தேன். வாசலில் இரண்டு மணி நேரம் நின்றேன். அந்தப் பக்கம் நுழைந்ததும் இடப்பக்கம் நடப்பதா வலப்பக்கம் நடப்பதா என்றே தெரியவில்லை. தெருக்களின் பெயரெல்லாம் மாற்றிவிட்டார்கள். கால்தான் வழி கண்டுபிடித்தது.

வீடு இருக்கிறது. பூட்டியிருந்தது. தட்டிப் பார்த்தேன், யாரும் வரவில்லை. தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். சமையலறை ஜன்னல் தெருப்பக்கம்தான். வெளிச்சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஒரு மாதிரியாக இருந்தது.

வாசலில் தட்டுறவரைத் தற்செயலாகப் பார்த்தேன். குள்ளமான மனிதர், பேச்சு குறைவு. இரண்டு வார்த்தை பேசிக்கொண்டோம். அவ்வளவுதான்.

அக்கா, இரண்டாவது கட்டத்தையும் கொஞ்சம் யோசித்துப் பார். அந்த நஷ்டஈட்டில் இந்தப் பக்கம் எங்கள் தெருவிலேயே உனக்கு ஒரு சின்ன வீடு பார்க்கலாம். அந்தப் பக்கம் போய் இந்த வயதில் தனியாக என்ன செய்வாய்? அந்தத் தெருவில் தண்ணீர் வசதியும் சரியில்லை. மாடிக் குளியலறையில் நூல் மாதிரிதான் வருகிறது. வாஷர் மாற்றினால் மட்டும் போதாது, இங்கே வால்வை இரண்டு சுற்று கூடத் திறந்தால்தான் அந்த உயரத்துக்கு ஏறும். அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும்.

நீ அதிகம் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி


ஏப்ரல் 19

என் அருமைத் தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க முடியாதே! பொய் சொன்னால் உனக்கு வயிறு வலிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வீடு பூட்டியிருந்ததாம், தெருவில் நின்று பார்த்தானாம். தெருவில் நிற்கிறவனுக்கு மாடிக் குளியலறையில் தண்ணீர் நூலாக வருவது எப்படியப்பா தெரிந்தது? சுவர் வழியாகவா? வேறு யாராவது இருந்தால் பொய்யை ஒழுங்காக முடித்திருப்பார்கள். உனக்குக் குழாயைப் பார்த்தால் வாய் நிற்காது. எனக்கே காது குத்தப் பார்க்கிறாயா?

நீ உள்ளே போயிருக்கிறாய். குழாயைத் திருகிப் பார்த்திருக்கிறாய். அப்படியானால் உன்னை மாடிவரை கூட்டிக்கொண்டு போக ஒருவர் இருந்திருக்கிறார். யார் அது? என்னிடம் மறைக்கிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

மழுப்பாமல் எழுது. நல்லது கெட்டது எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். இந்த அரைகுறைதான் தாங்கவில்லை. விடுதி அறையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன், கீழ் அறைக்காரி கூரையில் துடைப்பத்தால் இடிக்கிறாள்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆமாம், உள்ளே போனேன்.

கதவைத் திறந்தவர் குள்ளமான மனிதர். நான் யார் என்று தட்டுத்தடுமாறி அவர்கள் பாஷையில் சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது தட்டுக்கும் மூன்றாவது தட்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுவார் அக்கா. இத்தனை வருஷம் தினமும் காலையில் நான் கேட்கிற தட்டு அதுதான். "நீங்க தொட்டி ஆபீசா?" என்றேன். "நீங்க வால்வு ரூமா?" என்றார். இரண்டு பேரும் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டோம். உன் வீட்டில் இருப்பது தட்டுறவர்தான். அவரும் அவர் மனைவியும்.

அந்த அம்மா பள்ளிச் சீருடை தைக்கிறார். கீழ் அறை முழுக்கத் துணி. டீ கொடுத்தார்கள். ஏழாவது படியை இடிக்கவில்லை. மாடிக்குப் போகும்போது அவர் முன்னால் ஏறி "பாத்து, ஏழாவது படி" என்றார். நீ சொல்கிற அதே குரலில் சொன்னார். கோணல் டைலும் இருக்கிறது.

கலவரத்தில் அவர்களுடைய சொந்த வீடு எரிந்துபோனது. அதற்குப் பிறகு அவர்கள் பக்கத்து அதிகாரிகள் உன் வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். நீ முதல் கட்டத்தில் குறியிட்டால் ஊருக்கு வெளியே உள்ள தகரக் கொட்டகைகளுக்குப் போக வேண்டும். அங்கே தையல் வேலைக்கு யார் வரப்போகிறார்கள்?

இரண்டாவது கட்டத்தைப் பற்றி யோசி அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 1

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

நீ யாருக்குத் தம்பி? எனக்கா, அந்தத் தொட்டிக்காரருக்கா? ஒரு டீ குடித்தாய், கையைப் பிடித்தாய், அக்காவின் வீட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாய்! அவர்கள் வீடு எரிந்தது பாவம்தான். அதை நான் எரிக்கவில்லையே. நான் ஒரு துணிமூட்டையோடு ஓடி வந்தபோது எனக்காக யார் அவர்கள் பக்கத்தில் கெஞ்சினார்கள்?

உன் தெருவில் சின்ன வீடு வேண்டாம். பத்தொன்பது வருஷம் அடுத்தவர் கொடுத்த அறையில் இருந்துவிட்டேன். வயது ஐம்பத்தெட்டு. செத்தால் என் கூரைக்குக் கீழே சாக வேண்டும்.

படிவத்தைப் பூர்த்தி செய்து இத்துடன் அனுப்புகிறேன். முதல் கட்டம். என் கையெழுத்து இருக்கிறது. உள்ளூர்ச் சாட்சி என்ற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டு, பத்திரத்தையும் சேர்த்து ஆணையத்தில் கொடு. உன்னிடம் வேறு எதுவும் நான் கேட்டதில்லை.

அக்கா


ஜூன் 25

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? நான் உங்கள் தம்பியின் மனைவி எழுதுகிறேன். எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் படிவத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். சட்டையைத் துவைக்கக்கூடக் கொடுப்பதில்லை. ஆணையத்துக்கு மூன்று தடவை போய் வரிசையில் நின்று, முறை வரும்போது திரும்பி வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். சாப்பிடும்போது கை நின்றுவிடுகிறது. மேஜையில் யாராவது எதையாவது 'டக்' என்று வைத்தால் எழுந்து போய்விடுகிறார்.

உங்கள் மேல் கோபமா என்று கேட்டேன். "அக்கா கேக்கறது நியாயம்தான், அதான் பிரச்சினை" என்கிறார். வேறு ஏதோ இருக்கிறது அண்ணி. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் என்னிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்டால் சொல்வார். கோபப்படாமல் கேளுங்கள்.

முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புள்ள,
தம்பி மனைவி


ஜூலை 4

தம்பி,

கோபப்படவில்லை. என்னவென்று எழுது.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிறேன். இதைப் படித்த பிறகு நீ என்னைக் கேட்பாயோ மாட்டாயோ, தெரியவில்லை.

நீ கோட்டைத் தாண்டி வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் வலது காலில் உன் செருப்பு, இடது காலில் அத்தானுடையது. அவசரத்தில் மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாய். நீ அதைக் கவனிக்கவே இல்லை. உன்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், என் கண் அந்தச் செருப்பை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலை, அந்தப் பக்கத்துக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மூடினேன். ஓர் அதிகாரி வால்வு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்குத் தட்டு ஆரம்பித்தது. மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர்கள் பக்கம் கறுப்பாகப் புகை.

அதிகாரி இருந்தார், நான் என்ன செய்ய முடியும் என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனார். முழுசாக அரை மணி நேரம் அந்த அறையில் நான் தனியாக இருந்தேன். வால்வைத் திருகும் இரும்புச் சாவி என் கையில் இருந்தது. தட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு சுற்றுத் திருகியிருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. உன் மாறிப்போன செருப்பு ஞாபகத்துக்கு வந்தது. எரியட்டும் என்று நினைத்தேன். உனக்காகத்தான் திறக்கவில்லை அக்கா.

நாலு மணிக்குத் தட்டு நின்றது. பதினோரு நாள் கழித்து உத்தரவு வந்து திறந்தேன். அதற்குப் பிறகு அவர் மூன்றாவது தட்டுத் தட்டும்வரை என்னால் பொறுக்க முடிந்ததில்லை.

மார்ச்சில் டீ குடிக்கும்போது அந்த அம்மாவின் இடது கையைப் பார்த்தேன். இரண்டு விரல் மடங்காது, தோல் சுருங்கி இழுத்திருக்கிறது. "வீடு எரிஞ்சப்போ தையல் மிஷினை வெளிய இழுத்தேன். குழாய்ல ஒரு சொட்டு வரல" என்றார். எந்த நாள் என்று கேட்டேன். சொன்னார். டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. ஓடிப் போய் மாடிக் குழாயில் வாஷர் மாற்றினேன். அந்தத் தெருவுக்கு என்னால் செய்ய முடிந்தது அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒரு தடவை அவர்களை வெளியே நிறுத்திவிட்டேன். இரண்டாவது தடவையும் என் கையெழுத்தோடு நிறுத்தச் சொல்கிறாய். உனக்கும் வேறு வீடு கிடையாது. வரிசையில் நிற்கிறேன், திரும்பி வருகிறேன். என்ன செய்யட்டும், நீயே சொல்.

உன் தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், உன்னால் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது.

தொட்டி ஆபீஸ் தாளைப் பார்த்திருப்பாய். இது உங்கள் ஆபீஸ் காக்கிப் பையில் அளவுச் சீட்டுகளோடு வருகிறது. நான் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் வந்ததும் சலவைக்கூடத்தில் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். உரிமை கேட்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் வழியாகவே நேராக வர அனுமதி இருக்கிறது. நேற்று முன்தினம் வந்து சேர்ந்தேன். உன் வால்வு அறைக் கூரை இங்கிருந்து தெரிகிறது. உன்னைப் பார்க்க வரவில்லை. பார்த்தால் அடித்துவிடுவேனோ என்று பயம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'உனக்காக' என்று எழுதியிருக்கிறாயே, என்னைக் கேட்டாயா? அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் "எரியட்டும்" என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விமானம் ஏறினதிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கதவைத் திறந்தது அந்த அம்மா. யாரென்று சொன்னேன். கொஞ்ச நேரம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், பிறகு விலகினாள். மாடிப்படி ஏறினேன். பின்னாலிருந்து "பாத்து, ஏழாவது படி" என்றாள். என் வீட்டுப் படியை எனக்கே சொல்கிறாள்! வந்த கோபத்தில் எட்டு, ஒன்பது எல்லாம் முழங்கால் வலி தெரியாமலே ஏறிவிட்டேன். கோணல் டைலைத் தொட்டுப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முகம் கழுவக் குழாயைத் திறந்தால் நூல்தான் வந்தது.

சாயங்காலம் தட்டுறவர் வேலையிலிருந்து வந்தார். நீ எழுதியதை அவர்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். வேறு மாதிரி அந்தக் கூரைக்குக் கீழே என்னால் இருக்க முடியவில்லை. அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும்" என்றார்.

நீ எழுதாமல் விட்ட ஒன்றை அவர் சொன்னார். ஒருவேளை உனக்கே தெரியாதோ என்னவோ. ஒரு மணிக்கு மேல், அவர் தட்டிக்கொண்டிருந்தபோது, உன் பக்கத்திலிருந்து ஒற்றைத் தட்டு கேட்டதாம். சாவியை வால்வில் மாட்டப் போய் எடுத்திருப்பாய். இரும்பில் இரும்பு பட்டிருக்கும்.

"ஒரு தட்டுன்னா 'கேட்டது'ன்னு அர்த்தம். ஆள் இருக்காரு, இதோ தொறக்கப்போறாருன்னு நெனச்சேன். அதான் நாலு மணி வரைக்கும் அங்கயே நின்னு தட்டிக்கிட்டு இருந்தேன். யாரும் இல்லேன்னு தெரிஞ்சிருந்தா, வாளியத் தூக்கிக்கிட்டுக் கெணத்துக்கு ஓடியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அந்த நேரத்தில்தான் அவர் மனைவி தனியாக மிஷினை இழுத்திருக்கிறாள்.

வால்வு அறையில் அன்றைக்கு யார் இருந்தது என்று மார்ச்சிலேயே கேட்டுவிடலாம் என்று இருந்தாராம். நீ குடித்துக்கொண்டிருந்த டீ கப் சாஸரில் நடுங்கிச் சத்தம் போட்டதாம். கேட்க வேண்டியிருக்கவில்லை என்றார். மனைவியிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அவளுக்கு நேற்று முன்தினம்தான் தெரிந்தது. தன் மேஜையில் உட்கார்ந்து டீ குடித்த ஆள் யார் என்று. எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள். நேற்று முழுக்க அந்த மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

மன்னித்துவிட்டார்களா என்று கேட்காதே. நான் கேட்கவில்லை.

இன்று காலை அவளாகவே வந்தாள். நான் ஆணையத்தில் வாங்கி வந்திருந்த புதுப் படிவம் இந்த மேஜையில்தான் இருந்தது. மடங்காத விரலை மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்தாள்.

"மாடியை நீங்க எடுத்துக்குங்க. கீழ எங்களுக்கு இருக்கட்டும். ஆனா உங்க தம்பி வந்து கையெழுத்துப் போடணும். இங்க, என் எதிர்ல உக்காந்து போடணும்" என்றாள்.

குறியிட்டுவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே, எனக்கு அது ஒரு சொட்டும் இல்லை. அவர்கள் என் வீட்டில் இருக்கிறார்கள் என்ற கோபம் அப்படியே இருக்கிறது. நான் வந்துவிட்டேன் என்ற கோபம் அவளுக்கு இருக்கிறது. சமையலறை ஒன்றுதான். உப்பு ஜாடி எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்பதில் இப்போதே தகராறு. நான் இடப்பக்கம் வைக்கிறேன், அவள் வலப்பக்கம் எடுத்து வைக்கிறாள். ஆனால் அவளைத் தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு இந்தக் குழாயில் என்னால் முகம் கழுவ முடியாது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். சாட்சி இடம் காலியாக இருக்கிறது. முப்பத்தொன்றுதான் கடைசி நாள். பழைய படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டுச் சட்டையைத் துவைக்கக் கொடு. யார் சொன்னது என்று கேட்காதே. பத்திரத்தை எடுத்துக்கொண்டு வா; சாட்சிக்கு வருகிறவர்களுக்கு ஆணையம் கொடுக்கும் ஒருநாள் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மாடிக்கு அந்த இரண்டு சுற்றுத் தண்ணீர் வர யார் காலில் விழ வேண்டும் என்றும் விசாரித்துக்கொண்டு வா.

உனக்குப் பயமாக இருக்கும். இருக்கட்டும். அந்த அம்மா உன்னை என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. எது சொன்னாலும் உட்கார்ந்து கேட்டுக்கொள். நான் பக்கத்தில் இருப்பேன், பரிந்து பேச மாட்டேன்.

நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல மூன்று தட்டிவிடுவார், நீ வழக்கம்போலத் திறந்துவிடுவாய். எட்டு மணிக்கு மறுபடி மூன்று தட்டச் சொல்லியிருக்கிறேன். அது தண்ணீருக்காக அல்ல, உன்னைக் கூப்பிடுவதற்காக.

ஒற்றைத் தட்டுத் தட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடாதே. வா.

உன் அக்கா